சிவப்பில் போட்ட சொல்

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் என் குரல் ஊரெல்லாம் போன் பண்ணத் தொடங்கிவிடும். நான் அந்த நேரம் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். வள்ளியூரில் ஒருவரிடமும் அம்பாசமுத்திரத்தில் ஒருவரிடமும் ஒரே சமயத்தில், "வணக்கம், நாளைக்கு உங்களுக்கு டயாலிசிஸ் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். வாயில் பஜ்ஜி இருக்கும். முதல் மாதம் அது எனக்கு அப்படி ஒரு பெருமை. அம்மாவிடம், சித்தியிடம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் என்று ஒருத்தர் பாக்கி இல்லாமல் சொல்லித் தீர்த்தேன்.

எங்கள் கம்பெனி திருநெல்வேலி மகாராஜநகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்தது. நான் சேரும்போது மொத்தம் ஐந்து பேர். செய்த வேலை இதுதான்: ஆஸ்பத்திரிக்காரர்கள் மறுநாள் வரவேண்டிய நோயாளிகளின் பட்டியலைத் தருவார்கள். எங்கள் மென்பொருள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, நாளைக்கு வருகிறீர்களா என்று கேட்கும். அவர் பேச்சைப் புரிந்துகொண்டு, வருகிறார் என்றால் படுக்கையை அவர் பேரில் வைத்திருக்கும். வரவில்லை என்றால் ரத்து செய்து, காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். டயாலிசிஸ் மையங்களில் படுக்கை குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். அதனால் முதலில் எங்களைச் சேர்த்துக்கொண்டதும் ஊரில் இருந்த அப்படி ஒரு மையம்தான்.

கம்பெனியைத் தொடங்கியவர் பாளையங்கோட்டைக்காரர், பெங்களூரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். முதல் நாளே எங்களிடம், "இங்க சாரும் கிடையாது மேடமும் கிடையாது. என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்றார். பெங்களூரில் அது நடக்கும். இங்கே எங்கே நடக்க? எங்களைவிட மூத்தவரை மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தருக்கும் நாக்கு வளையவில்லை. இரண்டு நாள் யாருமே அவரைக் கூப்பிடவில்லை; அருகில் போய் நின்று தொண்டையைச் செருமினோம். மூன்றாவது நாள் எவனோ, எங்கள் ஊரில் மூத்தவர்கள் எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி, "அண்ணாச்சி" என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. முப்பத்து மூன்று வயதில், டீ சர்ட்டும் ஷார்ட்ஸுமாக ஒரு அண்ணாச்சி.

என்னை எடுத்தது மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு. ஐந்து பேர் கம்பெனியில் அவரவர் வேலை என்று ஒன்று கிடையாது. குரல் பதிவு செய்யவேண்டும் என்றபோது மற்ற நாலு பேரும் ஆண்கள், அதில் மூன்று பேர் பேசினால் சண்டைக்கு வருவது மாதிரி இருக்கும். சரி, நீ பேசு என்றார்கள். கீழே பல் டாக்டரின் துளை போடும் மிஷின் சத்தம் ஓயாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு அதற்குள் வியர்த்து வழிய உட்கார்ந்து பேசினேன். மற்ற ஊர்க்காரர்களின் மென்பொருள் எல்லாம் செய்தி வாசிக்கிற தமிழ் பேசும். எங்களுடையது "வாரியளா?" என்று கேட்டது. போனை எடுக்கிறவர்கள் யாரோ சொந்தக்காரப் பிள்ளை பேசுகிறது என்று நினைத்து, "நீ நல்லா இருக்கியாம்மா" என்று விசாரித்தார்கள். திமிர் ஏறாமல் என்ன செய்யும்? நம்ம பேச்சு நம்மளவிட எவனுக்குத் தெரியும் என்று எல்லோரிடமும் வாயடித்தேன்.

நோயாளிகள் சொல்லக்கூடிய பதில்களின் பட்டியலும் என் பொறுப்பில்தான் வந்து விழுந்தது. அதில் மூன்று நிறம். பச்சை என்றால் வருகிறார். சிவப்பு என்றால் வரவில்லை, ரத்து. மஞ்சள் என்றால் புரியவில்லை. அதை எங்களில் ஒருவர் தாமே போன் செய்து கேட்கவேண்டும். நம் ஆட்கள் ஆமாம், இல்லை என்று நேராகப் பதில் சொல்லிவிடுவார்களா? பாப்போம் என்பார்கள், பைய வாரேன் என்பார்கள், மருமகன் வந்தாத்தான் தெரியும் என்பார்கள். அதனால் ஆரம்பத்தில் பாதிப் பட்டியல் மஞ்சளாகத்தான் கிடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு போனை எடுத்துக்கொண்டு உட்காருவோம். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் தப்பு வராது.

பிறகு கம்பெனி வளர ஆரம்பித்தது. ஒரு மையம் நாலாயிற்று, தூத்துக்குடியிலும் தென்காசியிலும் கேட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுமுகங்கள். நாற்காலி பத்தாமல் சிலர் படிக்கட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார்கள். பல் டாக்டரிடம் வந்த நோயாளிகள் அவர்களைத் தாண்டி எங்கள் கழிப்பறைக்கு வந்து போனார்கள். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எனக்கே தெரியாமல் போயிற்று. நேற்றுச் சேர்ந்த ஒருவன் என்னிடம், "அக்கா, நீங்க எந்த டீம்?" என்று கேட்டான். எனக்கு வந்த எரிச்சலில், "நான்தாம்ல மிஷினு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்தின் ஆட்கள் எங்கள் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது. திங்கட்கிழமை காலை அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"மஞ்சளக் குறைக்கணும்" என்றார். "பாதி அழைப்ப மனுசன்தான் திரும்பப் போட்டுக் கேக்கான்னா அவங்க எதுக்கு நம்ம கிட்ட வரப்போறாங்க? ஒண்ணு பச்சையாக்கு, இல்லன்னா சிவப்பாக்கு. இன்னைக்கே முடிச்சிரு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் சாயங்காலப் போன்கள் கசந்துபோயிருந்தன. மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே வைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தேன். பாப்போம் என்றால் வரமாட்டார்கள், சிவப்பு. பைய வாரேன் என்றால் தாமதமானாலும் வருவார்கள், பச்சை. இன்ஷா அல்லாவில் வந்து நின்றேன். மனசுக்குள் சந்தேகக் கேஸ் என்று நினைத்துச் சிவப்புக்கு நகர்த்தப் போனேன். பக்கத்து மேஜைக்காரி மேலப்பாளையத்துப் பெண், என் சேக்காளி. எட்டிப் பார்த்தவள் என் கையில் ஒரு அடி போட்டாள்.

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? எங்க வாப்பா இன்ஷா அல்லான்னு சொல்லிட்டு ஒரு எடத்துக்குப் போவாம இருந்து நான் பாத்ததில்ல. பச்சையில போடு."

போட்டேன். அந்த ஒரு அடியிலாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். தெரியாத சொல்லை மட்டும்தான் கேட்கவேண்டும், தெரிந்த சொல்லை எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன். அடுத்த சில வரிகளுக்குப் பிறகு "இருக்கட்டும்" என்ற சொல் வந்தது. நாங்கள் கடைசியாகக் கேட்கும் கேள்வி, "உங்களுக்குப் படுக்கை எடுத்து வைக்கட்டுமா?" என்பது. எங்கள் வீட்டில் வந்தவர்களிடம் அம்மா காப்பி போடட்டுமா என்பாள். அவர்கள் இருக்கட்டும், இருக்கட்டும் என்பார்கள். வேண்டாம் என்று அர்த்தம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிவப்பில் போட்டேன். ரசம் ஆறுவதற்குள் பட்டியலை முடித்துவிட்டு அண்ணாச்சிக்கு எழுதி அனுப்பினேன். அவர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை, வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட நல்ல அழைப்புகளாகப் பத்து எடுத்து வைக்கச் சொன்னார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணி இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் போன அழைப்பு ஒன்று ஓடியது. என் குரல் வழக்கமான பாட்டைப் பாடியது: "நாளைக்கு காலைல ஏழு மணிக்கு உங்களுக்குப் படுக்கை எடுத்து வைக்கட்டுமா?"

அந்தப் பக்கம் வயதான ஆண் குரல். கொஞ்சம் இருமியது. பிறகு, "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்றது.

திரையில் அந்த வரி சிவப்பாக இருந்தது. ரத்து.

மறுபடியும் கேட்டேன். அந்தக் குரலில் மறுப்பே இல்லை. பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்தவர், அது என் இடம், அங்கனேயே இருக்கட்டும் என்று சொல்வாரே, அந்தக் குரல். இன்னொரு தடவை கேட்டேன். அவர் சொல்லி முடித்ததும் என் குரல், "சரிங்க, நன்றி. உடம்பப் பாத்துக்கிடுங்க" என்றது. பச்சைக்கும் சிவப்புக்கும் அதே முடிவுதான். ரத்து செய்துவிட்டோம் என்று தனியாக ஒரு வரி பதிவு செய்யவேண்டும் என்று மூன்று மாதமாக என் வேலைப் பட்டியலில் இருந்தது. போர்வைக்குள் உட்காரச் சோம்பல்பட்டு நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த மனுஷருக்குத் தம் படுக்கை போய்விட்டது என்று தெரிய வழியே இல்லை.

அந்தச் சொல்லைச் சொன்னவர்களைத் தேடினேன். மூன்று நாளில் மூன்று பேர். ஒருவர் நிஜமாகவே வேண்டாம் என்றவர். வெளியூரில் பேத்தி கல்யாணத்தில் இருந்தார். இன்னொரு அம்மா மறுநாள் நேரே மையத்துக்குப் போய், சண்டை போட்டு, படுக்கையை வாங்கிவிட்டார். மூன்றாவது இவர். களக்காடு. செவ்வாயும் வெள்ளியும் இவர் முறை. போன வெள்ளிக்குப் பிறகு இவருக்கு ரத்தம் சுத்திகரிக்கவே இல்லை. அன்றோடு ஆறு நாள்.

அவர் நம்பருக்குப் போட்டேன். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன். பத்துத் தடவையாவது போட்டிருப்பேன். மையத்தின் வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். "ஆமாக்கா, செவ்வாக்கெழம வந்தாவ. கம்ப்யூட்டர்ல ரத்துன்னு இருக்கே, நீங்கதான வேண்டாம்னு சொல்லியிருக்கியன்னேன். ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாவ. நாளைக்கு அவிய மொறதான், வந்துருவாவ" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளுக்கு வகுப்பெடுத்ததே நாங்கள்தான். உள்ளே இருந்த மூத்த நர்ஸைப் பேசச் சொன்னேன்.

நர்ஸ் அக்கா அவர் பேரைக் கேட்டதும் கடைசியாக வந்த தேதியை விசாரித்தார். பிறகு, "ஏ பிள்ள, அவிய ஒரு வேளை விட்டாலே ஒடம்புல தண்ணி கோத்துக்கிடும். நாளைக்கு வரைக்கும் காத்திருக்காதிய. நெஞ்சுல ஏறிட்டுன்னா மூச்சு நிண்டுரும். எப்படியாவது ஆளக் கண்டுபிடிச்சு இங்கன கொண்டு வா. படுக்கைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அண்ணாச்சியின் அறைக்குள் நான் கதவைத் தட்டாமல் போனேன். உள்ளே நாலு பேர் மறுநாள் காட்டவேண்டிய படங்களைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. முதலில் அவர் சொன்னது, "அந்த வார்த்தைய ஒடனே மஞ்சளுக்கு மாத்து" என்பதுதான். மாற்றியாச்சு என்றேன்.

"அப்ப அவருக்குப் போன் போட்டுக்கிட்டே இரு. களக்காட்டுல நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேளு. இன்னைக்கு ஒரு நாள் எல்லாரும் இங்க வேணும். நாளைக்குக் காலைல…"

"அண்ணாச்சி" என்றேன். நான் கத்துகிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "நாளைக்குக் காலைல அவரு இருப்பாரான்னு தெரியலங்கேன், நீங்க படம் காட்டுதியளா? நீங்க வாங்க, வராமப் போங்க. நான் பஸ்ஸப் பிடிச்சாவது போறேன். வேலைய விட்டு எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க."

நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். கீழே பல் டாக்டரின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மேஜையிலிருந்து கார் சாவியை எடுத்தார். "நானே ஓட்டுதேன்" என்றார்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரைக்கும் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. நான் களக்காட்டு நம்பரை விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன். சாலை இரண்டு பக்கமும் வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. களக்காட்டுக்குத் திரும்பும்போது அவர் சொன்னார்: "மஞ்சளக் குறைக்கச் சொன்னது நான்தான். அத நீ மறந்துராத."

"கொறச்சது நான்" என்றேன்.

"ரெண்டு பேருந்தான்" என்றார். அதற்குப் பிறகு வேகத்தைக் கூட்டினார்.

மையத்தின் பதிவேட்டில் முகவரி என்று தெருப் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெயரில் அங்கே இரண்டு தெரு. முதல் தெருவில் கதவு கதவாகத் தட்டினேன். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் என்னை ஏதோ கடன் வசூலுக்கு வந்தவள் மாதிரி பார்த்தார்கள். கடைசியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், "மினி பஸ் ஓட்டுன அண்ணாச்சியா? வாரத்துல ரெண்டு நாளு நெல்லைக்குப் போவாவளே, அவியளா? அந்தால பச்சக் கேட்டு வீடு" என்று கை காட்டினார். கார் நிற்கும் முன்பே நான் இறங்கி ஓடினேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் விசிறி. "அம்மா, நான் திருநெல்வேலில இருந்து வாரேன். அண்ணாச்சி இருக்காவளா?" என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் குரலு…" என்றார். பிறகு உள்ளே திரும்பிச் சத்தமாக, "ஏங்க, அந்தப் போன்ல பேசுதவ வந்திருக்கா!" என்றார்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுக்க முடியாதபோது உட்காருகிற விதம் அது. மடியில் இரண்டு தலையணை, அதன்மேல் கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. மூச்சு விடும் சத்தம் வாசல் வரை கேட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், நோயாளிக்கு அது என்ன மரியாதையோ. நான் பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஒங்க போனு அணைஞ்சு கெடக்கே அண்ணாச்சி. எத்தன தடவ போட்டேன் தெரியுமா?"

அவர் ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்துப் பேசினார். "நான்தாம்மா… அணைச்சு வச்சேன். நீ மறுபடி கூப்பிடுவ… நான் மறுபடி… தப்பா எதையும் சொல்லிருவேன். அதான் பேசாம… வெள்ளிக்கெழம நேர்ல வந்துரலாம்னு."

அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார். "செவ்வாக்கெழம காலைல எழும்பி, மொத பஸ்ஸுல போயி, சும்மா திரும்பி வந்தோம். போன்ல என்னத்த ஒளறுனிய, ஒழுங்கா வாயத் தொறந்து வாரேன்னு சொல்லத் தெரியாதான்னு ரெண்டு நாளா ஏசிட்டுக் கெடக்கேன். பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்னா அதுக்கும் வரமாட்டேங்காவ. நான் சொன்ன தப்புக்கு நான் இருந்துக்கிடுதேங்காவ."

அவர் தப்புச் சொல்லவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்ல நேரமில்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குப் பயம். எங்கள் அண்ணாச்சி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, "தூக்குவோம்" என்றார். இரண்டு பக்கமும் கை கொடுத்து முன் சீட்டில் உட்கார வைத்தோம். நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன். "படுக்க வைக்காதிய, உக்காந்தே வரட்டும். தண்ணி, எளநி, வாழைப்பழம் எதையும் பாசமாக் குடுத்துத் தொலைச்சிராதிய, கிட்னிக்கு ஆவாது" என்றார். ஊரே வாழைத்தோட்டம். அந்த மனுஷர் நாலு வருஷமாக ஒரு பழம் வாயில் வைத்ததில்லை என்று பின் சீட்டில் அந்த அம்மா சொன்னார்.

திரும்பி வந்த வழியில் நான் ஒரு வேலைதான் செய்தேன். முன் சீட்டின் பின்னாலிருந்து அவர் மூச்சை எண்ணினேன். இரண்டு மூச்சுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் என் உயிர் போய் வந்தது. பாளையங்கோட்டைக்குள் நுழையும்போது நாலு மணி, பள்ளிக்கூடம் விடும் நேரம். அந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடம்! மஞ்சள் பஸ்ஸும் ஆட்டோவும் சைக்கிளுமாக ஒரு அடி நகர வழியில்லை. அண்ணாச்சி ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. நான் இறங்கி காருக்கு முன்னால் ஓடி, "வழி விடுங்க, ஏலே வழி விடுங்கலே, உள்ள சீக்காளி இருக்காவ" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனேன். ஊருக்கெல்லாம் பதமாகப் பேசுகிற குரல் அன்றைக்குத் தெருவில் நாய் மாதிரி குரைத்தது. பிள்ளைகள் ஒதுங்கினார்கள். ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து அடுத்த சந்திப்பு வரை வழி எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் எங்கள் வேலையைப் பார்க்க வந்த ஆஸ்பத்திரிக் குழுமத்துக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சந்தேகச் சொற்களையெல்லாம் பழையபடி வைத்ததில் மஞ்சள் மறுபடியும் ஏறித்தான் இருந்தது. எதற்கு என்று அவர்கள் கேட்டதற்கு, அண்ணாச்சி நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள், திரும்ப வரவில்லை. எங்கள் பட்டியலில் அது சிவப்பு. அதற்குப் பிறகும் கம்பெனி வளர்ந்தது, கொஞ்சம் மெதுவாக. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அன்றைக்கு மையத்தில் நர்ஸ் அக்கா வாசலிலேயே சக்கர நாற்காலியோடு நின்றார். களக்காட்டு அண்ணாச்சியை உள்ளே கொண்டு போய், மூச்சுக்குக் குழாய் வைத்து, மிஷினில் போட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நானும் அந்த அம்மாவும் நின்றோம். எங்கள் அண்ணாச்சி கீழே காரில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்காகப் போன் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மிஷினில் இருந்தவரின் தோள் மெல்லத் தளர்ந்து பின்னால் சாய்ந்தது. நர்ஸ் அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டார். "இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா நான் பொறுப்பில்ல, கேட்டியா" என்று என் காதுக்குள் சொன்னார்.

கட்டிலில் இருந்தவர் என்னைக் கையாட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். "நான் அன்னைக்கு என்னம்மா சொன்னேன்? நெனச்சு நெனச்சுப் பாக்கேன், எனக்கு வர மாட்டேங்கு. எதையும் ஏடாகூடமாச் சொல்லிட்டேனா?"

"இருக்கட்டும்னு சொன்னிய."

"அது தப்பா?"

"தப்பில்ல அண்ணாச்சி. நீங்க சரியாத்தான் சொன்னிய. நான்தான் அத வேண்டாம்னு எழுதி வச்சிட்டேன். உங்க படுக்கைய எடுத்தது நான்தான்." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன், வெட்கமே இல்லாமல்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். "அத எனக்குக் கேக்க முடியுமா? நான் சொன்னத?" என்றார்.

போனில் எடுத்துப் போட்டேன். மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் முதலில் என் குரல் கேட்டது, பிறகு இருமல், பிறகு அவர் குரல். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். முகம் அப்படியே தெளிந்தது. மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா? தெளிவால்லா சொல்லிருக்கேன்" என்றார்.

அந்த அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். காதில் வைத்து இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டார். போனை என்னிடம் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் கண் அவர் புருஷனின் வீங்கிய காலில் இருந்தது.

"ரெண்டு நாளா இவியள என்ன ஏச்சு ஏசியிருக்கேன் தெரியுமா?" என்றார் என்னிடம். "நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவுங்கன்னு கூடச் சொன்னேன். இந்த மனுசன் திருப்பி ஒரு வார்த்த சொல்லல. ஆமா, என் தப்புத்தான்னு இருந்தாவ. அவ்வளவும் ஒனக்குச் சேர வேண்டியதுல்லா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அப்ப வாங்கிக்கோ" என்றார். ஏசத் தொடங்கினார். அந்த வார்டே திரும்பிப் பார்க்க, சவத்து மூதி என்பதில் ஆரம்பித்து, என் படிப்பை, என் வேலையை, என் கம்பெனியை, என்னைப் பெற்றவர்களை, ஒன்றையும் விடவில்லை. நர்ஸ் அக்கா மெதுவா, மெதுவா என்று அடக்கப் பார்த்தார். அவர் புருஷன் கட்டிலிலிருந்து, "போதும் விடு, சின்னப் பிள்ள" என்றார். அந்த அம்மா விடவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வார்த்தை வரைக்கும் அங்கேயே நின்று கேட்டேன்.